கெமிக்கல் சரக்கைக் கப்பலில் அனுப்பப் போகிறீர்களா? கேன் தேர்விலிருந்து கண்டெய்னர் கதவு வரை முழு வழிகாட்டி

"அண்ணே, குடோன்ல நீலக் கேன் நூறு காலியாக் கிடக்கு, அதுலயே ஆசிட்டை ஊத்தி அனுப்பிடலாமா?"

ஏற்றுமதி ஆவண வேலையில் இருக்கிற எனக்கு மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் ஏமாற்றுக்காரர் எல்லாம் இல்லை, காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிற சாதாரண வியாபாரிதான். ஆனால் கேள்வியே தலைகீழ். கையில் இருக்கிற கேனை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற காகிதத்தை அப்புறம் தேடுகிறார்கள். கடல்வழி விதிகள் நேர் எதிராகப் போகின்றன: முதலில் சரக்கு என்ன என்று தெரியவேண்டும், பிறகு விதிப்புத்தகத்தின் பொருள் பட்டியலில் அதற்கென்று எழுதியிருக்கிற வரி, அந்த வரி சொல்கிற கேன், எல்லாம் முடிந்த பிறகுதான் காகிதம்.

கடலில் சரக்கு கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கண்டெய்னர்கள் இருந்தன, சரக்கில் 25 டன் நைட்ரிக் அமிலமும் உண்டு. ஜெபல் அலியில் ஏறிய ஒரு நைட்ரிக் அமிலக் கண்டெய்னர் கசிவதைக் கப்பல்காரர்கள் கவனித்து, கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் இறக்கிக்கொள்ளும்படி கேட்டார்கள். இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. கப்பல் எரிந்து ஜூனில் மூழ்கியது, நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்தார்கள். கடலில் ஒரு கேன் கசிந்தால் கழுவிவிடக் குழாயும் கிடையாது, ஓடி ஒதுங்க இடமும் கிடையாது.

விதிப்புத்தகத்தின் பெயர் ஐஎம்டிஜி கோட். சர்வதேசக் கடல்சார் அமைப்பு வெளியிடுவது, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தம் வரும். இப்போது நடப்பில் இருப்பது 42-24 திருத்தம், 2026 ஜனவரி 1 முதல் அது மட்டும்தான் செல்லும். பழைய பிடிஎஃப் ஒன்றை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று அதை வைத்து வேலை பார்க்காதீர்கள்.

முதல் வேலை: சரக்கின் அடையாளம்

சரக்கைத் தயாரித்தவர் தரும் எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தகவல்) தாளை எடுத்து 14-வது பகுதிக்குப் போங்கள். போக்குவரத்து விவரம் அங்கேதான் இருக்கும்: யுஎன் எண் (ஆபத்தான பொருளுக்கு ஐ.நா. தந்த நான்கு இலக்க எண்), முறையான கப்பல்வழிப் பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப். மொத்தம் 9 வகுப்புகள். தீப்பற்றும் திரவம் 3, நச்சு 6.1, அரிக்கும் பொருள் 8 என்று போகும். பேக்கிங் குரூப் என்பது ஆபத்தின் அளவு, மொத்தம் மூன்று. ஒன்று என்றால் மகா ஆபத்து, மூன்று என்றால் குறைந்த ஆபத்து.

ஆனால் அந்தத் தாளை அப்படியே நம்பிவிடக்கூடாது. செறிவு மாறினால் எல்லாமே மாறும். தோல் பதனிடவும் ரப்பர் பாலை உறையவைக்கவும் பயன்படுகிற ஃபார்மிக் ஆசிட்டையே எடுத்துக்கொள்வோம். எடையில் 10% முதல் 85% வரை என்றால் யுஎன் 3412, வகுப்பு 8, குரூப் இரண்டு. 85%-ஐத் தாண்டினால் யுஎன் 1779, வகுப்பு 8-உடன் துணை ஆபத்தாக 3-ம் சேர்ந்துகொள்ளும், அதாவது தீப்பற்றும் பொருளும் ஆகிவிடும், கேனில் ஒட்டவேண்டிய லேபிள் ஒன்றல்ல, இரண்டு. நைட்ரிக் அமிலம் இன்னும் மோசம்: யுஎன் 2031 என்கிற ஒரே எண்ணுக்குள்ளேயே 65%-க்குக் கீழ் ஒரு வரி, 65 முதல் 70 வரை ஆக்சிஜனேற்றும் துணை ஆபத்தோடு ஒரு வரி, 70-க்கு மேல் போனால் பேக்கிங் குரூப் ஒன்று. அதனால் எஸ்டிஎஸ் மட்டும் போதாது, அந்த பேட்சின் ஆய்வுச் சான்றில் இருக்கிற சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"என்னோடது கெமிக்கலே இல்லை" என்பவர்களுக்கும் ஒரு சேதி. கொட்டாங்கச்சிக் கரி இதுவரை சோதனைச் சான்று ஒன்றைக் காட்டி சாதாரணச் சரக்காகப் போய்க்கொண்டிருந்தது. 42-24 திருத்தத்தில் அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது, இனி அது யுஎன் 1361, தானாகச் சூடேறும் பொருள். காங்கேயம் பக்கம் நிறையப் பேருக்கு இதனால் தலைவலி.

இரண்டாவது: பட்டியலின் ஒரு வரியைப் படிப்பது

கோடின் இரண்டாம் தொகுதியில் 3.2 அத்தியாயம்தான் ஆபத்தான பொருட்களின் பட்டியல். 18 பத்திகள், அதாவது அட்டவணையின் செங்குத்துக் கட்டங்கள், பார்த்தால் தலை சுற்றும். பேக்கிங் ஆளுக்கு அதில் ஏழெட்டு போதும். 5-வது பத்தியில் பேக்கிங் குரூப். 7-வதில் சிறு அளவுச் சலுகை. 8-வதில் பேக்கிங் அறிவுரை எண், 9-வதில் அதற்கான தனி நிபந்தனை. 10-ம் 11-ம் ஐபிசி டேங்குக்கானவை (டிரம்மைவிடப் பெரிய மொத்தச் சரக்குக் கலம்). 16-வது எங்கே வைக்கலாம், எதனோடு வைக்கக்கூடாது என்று சொல்லும்.

8-வது பத்தியில் பெரும்பாலான திரவங்களுக்கு பி001 என்றும் திடப்பொருட்களுக்கு பி002 என்றும் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 4.1 அத்தியாயத்துக்குப் போனால் எந்த வகைக் கேன், எத்தனை லிட்டர் வரை என்று அட்டவணையே இருக்கிறது.

எல்லோரும் கோட்டை விடுவது 9-வது பத்தியில். இரண்டெழுத்தும் ஒரு எண்ணுமாகச் சின்னதாக இருக்கும், கண்ணில் படாது. சோடியம் ஹைப்போகுளோரைட், யுஎன் 1791, குரூப் இரண்டு என்றால் அங்கே பிபி10 இருக்கும்: மூடியில் காற்றுப்போக்கி வேண்டும். நம் ஊர் ப்ளீச்சிங் திரவம்தான், நின்ற இடத்திலேயே வாயுவை விட்டுக்கொண்டிருக்கும், இறுக்கமான மூடி போட்டால் கேன் பலூன் மாதிரி உப்பிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் அதே கதை. 55%-க்கு மேற்பட்ட நைட்ரிக் அமிலத்துக்கு பிபி81: பிளாஸ்டிக் டிரம்மின் ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து இரண்டே வருடம். மற்ற சரக்குகளுக்குப் பொதுவாக ஐந்து வருடம்.

மூன்றாவது: கேனின் அடிப்பக்கம் சொல்கிற ஜாதகம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்காரவேண்டும். யுஎன் தரக் கேன் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, கேனின் உடம்பிலேயே அச்சாகவோ பொறித்தோ இருக்கவேண்டும். வட்டத்துக்குள் மேலும் கீழுமாக யு, என் என்ற இரண்டு எழுத்து, அதன் பக்கத்தில் இப்படி ஒரு வரி (கேனில் ஆங்கில எழுத்தில் இருக்கும்):

3எச்1 / ஒய்1.4 / 100 / 25 / ஐஎன்டி / அனுமதி எண்

முதல் எண் உருவம்: 1 டிரம், 3 கேன், 4 பெட்டி, 5 பை, 6 ஒன்றுக்குள் ஒன்றான கூட்டுக்கலம். அடுத்த எழுத்து எதனால் ஆனது என்பது: ஏ என்றால் எஃகு, ஜி அட்டை, எச் பிளாஸ்டிக். டிரம்மிலும் கேனிலும் கடைசி 1 என்றால் மேல்தட்டு கழறாதது, சிறிய வாய் மட்டும். 2 என்றால் மேல்தட்டே கழறுவது.

ஒய் என்பது எந்தக் குரூப் வரை தாங்கும் என்று சொல்கிறது. எக்ஸ் மூன்று குரூப்புக்கும் ஆகும், ஒய் இரண்டுக்கும் மூன்றுக்கும், இசட் மூன்றுக்கு மட்டும்.

அதை ஒட்டியிருக்கிற 1.4 அடர்த்தி. நான் பார்த்ததில் அதிகச் சரக்கு மாட்டிக்கொண்டது இந்த ஒரு எண்ணில்தான். ஒரு சமயம் 98% சல்ஃபியூரிக் அமிலம் இந்த மாதிரி ஒய்1.4 கேன்களில் நிரம்பி, லேபிள் எல்லாம் அழகாக ஒட்டி, சிஎஃப்எஸ் (கண்டெய்னரில் சரக்கு ஏற்றும் கிடங்கு) வரை வந்துவிட்டது. வகுப்பு சரி, குரூப் சரி, சான்றிதழ் நகலும் சரி. சர்வேயர் கேனைத் திருப்பிப் பார்த்தார், ஒரே கேள்வி கேட்டார்: "ஆசிட்டோட டென்சிட்டி என்ன?" 1.84. அந்தக் கேன் 1.4-க்கு மேல் சோதிக்கப்படவே இல்லை. மொத்தச் சரக்கும் திரும்பிப் போய் வேறு கேனுக்கு மாறியது, கப்பல் போய்விட்டது, மாற்றி ஊற்றிய கூலி, கண்டெய்னர் வாடகை எல்லாம் அனுப்பியவர் தலையில். சல்ஃபியூரிக்குக் குறைந்தது 1.84, நடைமுறையில் 1.9 என்று பொறித்த கேன் தேடுங்கள். 85% ஃபார்மிக் 1.2-க்குப் பக்கம்தான், அதற்கு ஒய்1.4 தாராளம்.

அந்த எண் வெறும் அலங்காரம் இல்லை என்பது சோதனையைப் பார்த்தால் புரியும். தண்ணீர் மாதிரித் திரவம் ஊற்றிய கேனைக் கீழே போடுவார்கள்: அடர்த்தி 1.2 வரை என்றால் குரூப் ஒன்றுக்கு 1.8 மீட்டர் உயரம், இரண்டுக்கு 1.2, மூன்றுக்கு 0.8. அதற்கு மேற்பட்ட அடர்த்திக்கு உயரமும் ஏறும். பிளாஸ்டிக் என்றால் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்துப் போடுவார்கள், ஏனென்றால் குளிரில்தான் அது உடையும். அடுக்குச் சோதனையும் உண்டு. 3 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வருகிற பாரத்தை, திரவத்துக்கான பிளாஸ்டிக் டிரம் 40 டிகிரி வெப்பத்தில் 28 நாள் தாங்கவேண்டும்.

அடுத்த எண் 100, கிலோபாஸ்கலில் அழுத்தம். கொதிநிலை குறைந்த சரக்குக்கு இதைக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். பொறித்த அழுத்தத்தோடு 100 கூட்டி, நான்கால் பெருக்கி ஏழால் வகுங்கள். 50 டிகிரியில் சரக்கின் ஆவியழுத்தம் அதைத் தாண்டக்கூடாது. 100 என்று பொறித்த கேனுக்கு விடை 114. மெத்திலீன் குளோரைடின் ஆவியழுத்தம் 50 டிகிரியில் 140-க்குப் பக்கம் வரும். ஆக, சாதாரண 100 டிரம் அதற்கு ஆகாது, 250 பொறித்த எஃகு டிரம் என்றால் விடை 200, தாங்கும். கிரவுண்டில் வெயிலில் நிற்கிற கண்டெய்னருக்குள் 50 டிகிரி என்பது ஒன்றும் அதிசயம் இல்லை.

25 என்பது தயாரித்த வருடம். பிளாஸ்டிக் டிரம், கேன் என்றால் மாதமும் எங்காவது இருக்கும், பெரும்பாலும் கடிகார முள் மாதிரி ஒரு வட்டத்தில். ஐஎன்டி என்றால் அனுமதி கொடுத்தது இந்தியா. இங்கே சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங், சென்னையிலும் மையம் இருக்கிறது. சான்றிதழ் நகலை ஷிப்பிங் லைன் கேட்கும். கேனில் இருக்கிற வரியும் சான்றிதழில் இருக்கிற வரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திடப்பொருள் கலத்தில் அடர்த்தி இடத்தில் அதிகபட்ச மொத்த எடை கிலோவிலும், அழுத்தம் இடத்தில் எஸ் என்ற எழுத்தும் இருக்கும். எஸ் போட்ட டிரம்மில் திரவம் ஊற்றாதீர்கள். செகண்ட் ஹேண்ட் டிரம் வாங்குவதானால், முறையாகப் புதுப்பித்ததில் ஆர் என்ற எழுத்தும் புதுப்பித்த வருடமும் கூடுதலாக இருக்கும். கழுவிச் சாயம் பூசிய டிரம்மில் அது இருக்காது. ஐபிசி டேங்க் என்றால் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை, கடைசித் தேதி தகட்டில் இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது: நிரப்புவதும் மூடுவதும்

விதி ஒரே வரி: 55 டிகிரி செல்சியஸில் கூடத் திரவம் கலத்தை முழுசாக நிரப்பிவிடக்கூடாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 1.1 பங்கு விரியும். 25 டிகிரியில் நிரப்பினால் 55 வரை 30 டிகிரி, ஆக 3.3%. 200 லிட்டருக்கு ஆறரை லிட்டருக்கு மேல் இடம் விடவேண்டும். நான் எப்போதும் 95%-க்கு மேல் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். மார்கழிக் காலையில் நிரப்பிய டிரம் செங்கடல் வெயிலைப் பார்க்கப் போகிறது என்பதை ஃபில்லிங் ஆளுக்குச் சொல்லிவையுங்கள், அவருக்கு எடைத் தராசில் இருக்கிற எண்தான் தெரியும்.

மூடி. கேன் சோதனையில் தேறியது அதே மூடி, அதே வாஷர், அதே இறுக்கத்தோடுதான். கேன் ஒரு இடம், மலிவாகக் கிடைத்ததென்று மூடி இன்னொரு இடம் என்று வாங்கினால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. எவ்வளவு முறுக்கவேண்டும் என்கிற குறிப்பைத் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள், முறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். பையன் கையால் "நல்லா டைட்" என்று முறுக்குவது காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் கை ஓய்ந்த பிறகு வேறு மாதிரி. மூடியபின் நாலைந்து கேனைப் படுக்கவைத்து, கீழே அட்டை போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அட்டையில் ஈரம் இருந்தால் அந்த லாட்டையே நிறுத்துங்கள்.

ஐந்தாவது: லேபிள்

இது சுலபம், அதனாலேயே அலட்சியம். வகுப்பு லேபிள் 100 மி.மீ.க்கு 100 மி.மீ. யுஎன் எண் 12 மி.மீ. உயர எழுத்தில், 30 லிட்டர் அல்லது 30 கிலோ வரையுள்ள கலத்துக்கு 6 மி.மீ. போதும். பக்கத்தில் முறையான கப்பல்வழிப் பெயர். உங்கள் பிராண்ட் பெயர் அதற்கு ஈடாகாது. கடலை மாசுபடுத்தும் பொருள் என்றால் மீனும் மரமும் போட்ட குறி. ஐபிசி மாதிரி 450 லிட்டருக்கு மேற்பட்டதற்கு எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் எல்லாம் வேண்டும். பேலட்டில் வைத்து ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிய பிறகு உள்ளே இருக்கிற லேபிள்கள் தெரியவில்லை என்றால், வெளியே மறுபடி ஒட்டி ஓவர்பேக் என்று எழுதவேண்டும்.

ஸ்டிக்கர் மூன்று மாதம் கடல்தண்ணீரில் கிடந்தாலும் படிக்க முடியவேண்டும் என்பது விதி. ஆபீஸ் பிரிண்டரில் ஏ4 தாளில் எடுத்து செலோடேப் ஒட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சிறு பாட்டில்களாக அனுப்புகிறவர்களுக்கு 7-வது பத்தி வரப்பிரசாதம். 85% ஃபார்மிக் என்றால் உள்பாட்டில் ஒரு லிட்டர் வரை, வெளிப்பெட்டி மொத்தம் 30 கிலோ வரை இருந்தால், யுஎன் பொறித்த பெட்டி தேவையில்லை, உறுதியான அட்டைப்பெட்டி போதும், மேலும் கீழும் கறுத்த டயமண்ட் குறி ஒன்று ஒட்டினால் சரி. ஆனால் ஆபத்தான சரக்கு என்று எழுதிக் கொடுக்கிற டிக்ளரேஷன் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேண்டும்.

ஆறாவது: கண்டெய்னருக்குள்

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே சொதப்புகிறவர்கள் உண்டு. முதலில் காலிக் கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள், கூரையில் வெளிச்சம் தெரிந்தால் வேறு கண்டெய்னர் கேளுங்கள். தரையில் துருத்திக்கொண்டிருக்கிற ஆணி ஒன்று போதும், பிளாஸ்டிக் டிரம்மின் அடியைக் கிழிக்க.

கப்பல் உருளும்போது பக்கவாட்டில் சரக்கின் எடையில் 0.8 பங்கு வரை விசை வரும் என்று வைத்துத்தான் சர்வதேசக் கண்டெய்னர் ஏற்றும் நெறிமுறை கணக்குப் போடச் சொல்கிறது. 20 டன் சரக்கு என்றால் 16 டன் பக்கச் சுவரில் சாய்கிறது. அதனால் இடைவெளியே இருக்கக்கூடாது. இரண்டு வரிசை அடுக்கினால் நடுவே பிளைவுட், மிச்ச இடத்தில் மரச்சட்டம் அல்லது காற்றுப்பை, கதவுப் பக்கம் குறுக்குச் சட்டம். ஆபத்தான சரக்கு கொஞ்சம், சாதாரணச் சரக்கு மிச்சம் என்றால் ஆபத்தானதைக் கதவருகே வையுங்கள், தீயணைப்பு ஆள் எட்டும்படி. மரப்பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தைப் பூச்சி நீக்கப் பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்கவேண்டும்.

எதனோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பதற்கு 7.2 அத்தியாயத்தில் அட்டவணை இருக்கிறது, கூடவே 16-வது பத்தியையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் வகுப்பு ஒன்றாக இருந்தும் ஆகாத ஜோடிகள் உண்டு. அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் இரண்டுமே 8-ம் வகுப்புதான். இரண்டு கேனும் ஒன்றாகக் கசிந்தால் குளோரின் வாயு. பிரித்து வைக்கவேண்டியதை ஒரே கண்டெய்னருக்குள் இந்த மூலை அந்த மூலை என்று வைத்துத் தப்பிக்க முடியாது. மிளகாய், தேயிலை மாதிரி சாப்பிடுகிற பொருளோடு அரிக்கும் பொருளையோ நச்சையோ சேர்த்துப் போடும் யோசனையே வேண்டாம்.

கண்டெய்னருக்கு வெளியே நான்கு பக்கமும் 250 மி.மீ. பிளக்கார்டு, அதாவது வகுப்பு லேபிளின் பெரிய வடிவம். ஒரே யுஎன் எண் கொண்ட சரக்கு மட்டும் 4,000 கிலோவுக்கு மேல் இருந்தால் அந்த எண்ணும் 65 மி.மீ. உயரத்தில். முந்தின பயணத்தின் பிளக்கார்டு ஒட்டியிருந்தால் உரித்தெடுங்கள், தப்பான பிளக்கார்டு இல்லாததைவிட மோசம்.

கடைசியாகக் காகிதம்

டேஞ்சரஸ் கூட்ஸ் டிக்ளரேஷனில் வரிசை முக்கியம்: யுஎன் எண், பெயர், வகுப்பு, துணை ஆபத்து, குரூப். பற்றும் வெப்பநிலை 60 டிகிரி அல்லது அதற்குக் கீழ் என்றால் அதையும் எழுதவேண்டும். எத்தனை கலம், என்ன வகை, எவ்வளவு எடை, 24 மணி நேரமும் எடுக்கிற அவசரத் தொலைபேசி எண். ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தால் யாராவது எடுக்கவேண்டும், எடுப்பவருக்குச் சரக்கைப் பற்றித் தெரியவேண்டும், முதலாளியின் சுவிட்ச் ஆஃப் செய்த செல் எண் இல்லை. கண்டெய்னரை ஏற்றியவர் கையெழுத்திடும் பேக்கிங் சர்டிபிகேட் தனி. 2016 ஜூலை முதல் விஜிஎம், அதாவது சரிபார்த்த கண்டெய்னர் மொத்த எடையும் கட்டாயம். கையெழுத்துப் போடுகிறவர், நிரப்புகிறவர், லேபிள் ஒட்டுகிறவர் எல்லோருக்கும் பயிற்சி இருக்கவேண்டும் என்பது 2010-லிருந்து விதி.

புக்கிங் கேட்கும்போதே ஆபத்தான சரக்கு என்று சொல்லிவிடுங்கள். லைன் ஒப்புதல் தரச் சில நாள் எடுக்கும், சில லைன்கள் சில சரக்கை எடுக்கவே எடுக்காது, வழியில் வருகிற துறைமுகம் ஒன்று மறுத்தாலும் போச்சு. கூடுதல் கட்டணத்துக்குப் பயந்து சாதாரணச் சரக்கு என்று எழுதச் சொல்கிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அந்த நூறு நீலக் கேன் கதைக்கு வருவோம். திருப்பிப் பார்த்தோம்: 3எச்1, ஒய்1.4, எல்லாம் பொருத்தம், சரக்கும் 85% ஃபார்மிக்தான். வருடம் மட்டும் 19. ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. புதுக்கேன் வாங்கித்தான் அனுப்பினார், பழைய நூறும் இப்போது அவர் குடோனில் தண்ணீர் பிடித்து வைக்கப் பயன்படுகின்றன.